நீல விளக்கு எரியும்வரை

லார்ச்போர்ட் ஊரின் குன்றில் குடியேறுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் பனிக்காலத்திலேயே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். ஒன்று நாற்காலி. வீட்டு வாசலில் பனியை வெட்டி ஒரு கார் நிற்க இடம் பண்ணியவன், காரை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அதை யாரும் தொடமாட்டார்கள். தொட்டவனுடைய காருக்கு என்ன கதி ஆனது என்று லார்ச்போர்ட்டில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று நீல விளக்கு. நாற்சந்திக் கம்பத்தில் அது சுழல ஆரம்பித்துவிட்டால் குன்றுத் தெருக்களில் ஒரு கார் நிற்கக் கூடாது. நின்றால் நகராட்சி இழுத்துக்கொண்டு போய்விடும்.

குன்றில் இருப்பதெல்லாம் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வீடுகள். காரை உள்ளே விட ஒருவருக்கும் இடம் கிடையாது. ஆகவே விளக்கு எரிந்ததும் குன்று மொத்தமும் கடைவீதிக்கு இறங்கும். அங்கே நகராட்சியின் ஐந்து மாடிக் கார் நிறுத்தும் கட்டடம் இருக்கிறது. ஊர் வாயில் அதற்குப் பெயர் ராம்ப். மற்ற நாட்களில் வக்கீல்களும் வங்கிக்காரர்களும் வாடகை கொடுத்து நிறுத்துகிற இடம்தான். ஆனால் விளக்கு எரிகிறவரை அங்கே குன்றுக்காரர்களுக்குக் காசு கிடையாது, யாரும் காரை எடுக்கச் சொல்லவும் முடியாது. பனி தள்ளும் வண்டி வந்து தெருவைச் சுத்தம் செய்து, விளக்கு அணைந்த பிறகு எடுத்துக்கொண்டு வந்தால் போதும். எஃகு ஆலை ஓடிய காலத்தில் ஏற்பட்ட வழக்கம். ஆலை போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது.

அந்த ராம்பைத்தான் விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. பேச்சு என்ன, புதன்கிழமை மூன்று மணிக்கு நகர மன்றத்தில் ஓட்டெடுப்பே வைத்துவிட்டார்கள்.

மில்லி சபோ மன்றத்தில் குன்றின் உறுப்பினர். அது பெருமைக்கு. பிழைப்புக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுடைய வீடு சரிவு வந்து நாற்சந்தியில் முட்டுகிற இடத்தில், கடைசி வீடு. அவள் புருஷன் டெஸ் நகராட்சியில் தெருப் பராமரிப்பு மேஸ்திரி. ஆள் பற்றாக்குறையில் மேஸ்திரியே குன்றுக்குப் பனி தள்ளும் வண்டியும் ஓட்டினான். நீல விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் அவன் கையில்தான். பனி கணுக்காலை மூடினால் ஏற்ற வேண்டும் என்பது விதி. அளவுகோலெல்லாம் கிடையாது, மேஸ்திரியின் கண்ணும் காலும்தான்.

புதன்கிழமை காலையில் மழை பெய்தது. பனிக்காலத்து மழை, விழுந்த இடத்திலேயே உறைந்து கண்ணாடியாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே மின்கம்பிகள் தடித்துத் தொங்கின. மில்லி கொல்பாஸ் தொத்திறைச்சித் துண்டுகளை வாணலியில் போட்டு அது விட்ட கொழுப்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றினாள். மிளகாய்த் தூளைக் கொஞ்சம் தாராளமாகவே தூவினாள். கோபம் இருந்தால் அவளுக்கு அப்படித்தான் கை போகும்.

டெஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

"விலைக்கு கேக்கறவன் கேக்கறப்பவே குடுத்துரணும் மில்லி. கட்டடம் இத்துப்போச்சு. போன வாரம் மூணாவது மாடியில கான்கிரீட்டு பேந்து ஒருத்தன் கார் கண்ணாடி மேல விழுந்திருக்கு. நாளைக்கு தலை மேல விழும்."

"குன்றுக்காரங்க காரை எங்க கொண்டுபோய் விடறது? நம்ம சமையலறையிலயா?"

"வாங்கறவன் பனிக்கு எடம் குடுப்பான்னு எழுதியிருக்குல்ல."

"'இயன்றவரை'ன்னு எழுதியிருக்கு. நீ கல்யாணத்தப்ப சிகரெட்டை விடறேன்னு சொன்னியே, அந்த இயன்றவரை."

அவன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரித்திருப்பான். இந்தப் பனிக்காலம் முழுக்க அவன் சரியில்லை. குன்றில் வண்டி ஓட்டிவிட்டு வருகிற நாட்களில் மேஜையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்பூனைத் தவறவிடுவான். வயசாகுது என்பான். ராம்பை விற்றால் புது வண்டிகள் வாங்குவார்கள், ஆள் போடுவார்கள், நான் மேஸ்திரி வேலையை மட்டும் பார்ப்பேன் என்று ஒரு மாதமாக அதே பாட்டு. போன வருஷம் அவனுடைய கூட்டாளி நீல், இதே குன்றில் வண்டி நிற்காமல் நாற்சந்தியைத் தாண்டித் தேவாலயச் சுவரில் மோதி ஒரு காலை முட்டிக்குக் கீழே இழந்தான். அந்த வண்டியைப் பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது டெஸ் ஓட்டுவது அதைத்தான். பிரேக்கெல்லாம் புதுசா போட்டாச்சு, ஒண்ணும் கவலையில்லை என்று அவன் சொல்லியிருந்தான். அவள் நம்பியிருந்தாள்.

மில்லி ஒருவரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவள் விற்கலாம் என்று ஓட்டுப் போட முடிவு செய்திருந்தாள். குன்றில் இது தெரிந்தால் கல்லெறிவார்கள். எதிர்வீட்டு ஓபல் அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் இத்தனை வருஷத்தில் டெஸ் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். கேட்கிறவன் சும்மா கேட்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. அதை அவனிடம் சொல்லவும் மனம் வரவில்லை. கூட்டத்துக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பிடிவாதம்.

அப்போது அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து பூட்ஸ் கழற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பழைய வீட்டுக் கதவு, எதையும் மறைக்காது. "மிஸ்டர் லின்ட்" என்றது கேட்டது. கார்ட்டர் லின்ட் என்பவன் மேயரின் உதவியாளன். இந்த விற்பனையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவன் அவன்தான். அப்புறம் "மூணரைக்கா?" என்றது கேட்டது. மீதி கேட்கவில்லை.

திரும்பி வந்தவனிடம் என்ன என்றாள். தெருவில் உப்புத் தூவும் லாரி விஷயம் என்றான். தட்டில் முட்டை ஆறிப்போயிருந்தது.

மூன்று மணிக்கு மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. குன்று மொத்தமும் திரண்டு வந்திருந்தது. ஈரக் கோட்டுகளின் வாடையும் யாரோ கொண்டுவந்த காப்பியின் மணமுமாக ஒரே புழுக்கம். மழை மதியமே பனியாக மாறி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. மேடையில் ஐந்து நாற்காலிகள், மூன்று பேர். ஓர் உறுப்பினர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவில் இருந்தார், இன்னொருவருக்குக் காய்ச்சல். மூன்றுக்குக் குறைந்தால் மன்றம் செல்லாது. தலைவர் ப்ளீச்சர் விற்கலாம் என்கிற கட்சி, மருந்துக்கடை நார்மன் கூடாது என்கிற கட்சி. மில்லி நடுவில் உட்கார்ந்திருந்தாள். வாங்க வந்த கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மேயரின் ஆள் லின்ட் படம் போட்டுக் காட்டினான். துருப்பிடித்த கம்பி, விரிசல், ஒழுகல். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, பொய்யும் இல்லை. பிறகு பொதுமக்கள் பேசினார்கள். முடிதிருத்தும் கடை விட்டோ, கட்டடம் ஒழுகினால் ஒட்டுப் போடுவதா விற்பதா, என் தலையும்தான் வழுக்கையாகிவிட்டது, அதற்காக விற்றுவிட்டேனா என்று கேட்டுச் சிரிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஓபல் ஜென்கின்ஸ் எழுந்தபோது சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"நான் தலைவர்கிட்ட பேசலை. அவர் வீட்ல மூணு காருக்கு கூரை இருக்கு, அவருக்கு இது புரியாது. நான் மில்லிகிட்ட பேசறேன். மில்லி கண்ணு, நான் நைட் டூட்டி பாத்த காலத்துல ஒரு தடவை ராம்ப்பு மூடியிருந்துச்சு, பெயின்ட் அடிக்கறாங்கன்னு. விளக்கு எரிஞ்சதும் காரை எங்க விடறதுன்னு தெரியாம ஊரைச் சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில ஏரிக்கரையில விட்டுட்டு நடந்தேன். என் ரெண்டு விரலு அன்னிக்கு குளிர்ல வெறச்சுப் போனதுதான். இந்தா பாரு."

கையுறையைக் கழற்றிக் காட்டினாள். அந்தக் கையை மில்லி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஏதோ விபத்தில் போனது என்றுதான் நினைத்திருந்தாள், கேட்டதில்லை. அவள் மேஜைக்குக் கீழே தன் கைகளைக் கோத்துக்கொண்டாள். ஒருபக்கம் இந்தக் கை, இன்னொருபக்கம் வீட்டில் ஸ்பூனைத் தவறவிடும் டெஸ்ஸின் கை.

ஓபல் இன்னும் பேச்சை முடிக்கவில்லை. கூடத்தின் பெரிய ஜன்னலில் நீல ஒளி ஒன்று வந்து சுவரைத் தடவிக்கொண்டு போனது. மறுபடி வந்தது.

 பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. குன்றுக்காரர்களுக்கு அந்த விளக்கைக் கண்டால் மூளை யோசிக்காது, கால் எழுந்துவிடும். இழுத்துக்கொண்டு போன காரை மீட்க ஆகிற அபராதம் அந்த வீடுகளில் ஒரு மாத மளிகை. கோட்டை மாட்டிக்கொண்டு, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, ராம்பை விற்காதே என்று சொல்ல வந்த கூட்டம் ராம்பில் இடம் பிடிக்க ஓடியது. விட்டோ தன் பதாகையை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போனான். ஓபல் கைத்தடியை எடுத்துக்கொண்டு மில்லியை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது.

கூடத்தில் மிஞ்சியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. எல்லாரும் வீட்டிலேயே கார் விட இடம் உள்ளவர்கள். கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

மூணரைக்கா என்று கதவுக்குப் பின்னால் கேட்ட குரல் மில்லியின் காதில் திரும்ப ஒலித்தது. லின்டைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு முகம் எரிந்தது. டெஸ் தனக்காகக் கேட்கிறான் என்று நினைத்தேனே, இந்த லின்டுக்காகவா நான் ஊரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்தேன்?

தலைவர் ப்ளீச்சர் தொண்டையைச் செருமினார். பேசப் பதிவு செய்த மற்றவர்கள் அவையில் இல்லாததால் கருத்துக் கேட்பு முடிந்தது, ஓட்டுக்கு விடுகிறேன் என்றார்.

மில்லி எழுந்து கோட்டை எடுத்தாள்.

"மிஸஸ் சபோ, உக்காருங்க. ஓட்டு எடுக்கறோம்."

"என் காரும் தெருவுலதான் நிக்குது, தலைவரே."

"ஒரு நிமிஷ வேலை. ஓட்டைப் போட்டுட்டுப் போங்க."

"சட்டம் நீங்க போட்டது. விளக்கு எரிஞ்சா காரை எடுக்கணும். நான் போனா நீங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரு சீட்டுகூட ஆட முடியாது."

நார்மன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லின்ட் பின்னாலேயே வந்து வாசல்வரை கெஞ்சினான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கிக் கீழே கால் வைத்ததும் நின்று குனிந்து பார்த்தாள். பனி அவள் பூட்ஸின் முன்பக்கத்தைத்தான் மூடியிருந்தது. கயிற்று முடிச்சு மேலே தெரிந்தது. கணுக்கால் எங்கே, இது எங்கே? ஆக, விளக்கை வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறான்.

அவள் வேகமாக நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேலே பஞ்சாகத்தான் இருந்தது, அடியில் காலை மழையின் உறைந்த கண்ணாடி. இரண்டு தடவை விழப்போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிரே குன்றின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராம்பை நோக்கி ஊர்ந்து வந்தன. தெரிந்த முகங்கள் கண்ணாடிக்குள்ளிருந்து அவளை ஆச்சரியத்தோடு பார்த்தன. இவள் இங்கே என்றால் அங்கே ஓட்டு என்ன ஆனது என்று யாருக்கும் புரியவில்லை.

நாற்சந்திக்கு வந்தபோது சரிவு முழுக்கக் காலியாக இருந்தது. அடிவாரத்தில், சரிவின் நேர் வாயில், ஒரே ஒரு கார் நின்றது. அவளுடையது. குன்றின் உச்சியில் மஞ்சள் விளக்கு சுழல டெஸ்ஸின் வண்டி, முன்னால் அகன்ற தகடோடு, நின்றுகொண்டிருந்தது. கீழே வரவில்லை.

காரை ராம்பில் விட்டுவிட்டு நடந்து திரும்பிய விட்டோவும் இன்னும் நாலு பேரும் அவளைப் பார்த்து ஓடிவந்தார்கள்.

"சாவி எங்க மில்லி? உன் புருஷன் அரை மணியா மேலயே நிக்கறான். நாங்க கையைக் காட்டறோம், இறங்கவே மாட்டேங்கறான். ஹாரனா அடிக்கறான்."

"நல்லா அடிக்கட்டும்."

"சண்டையை வீட்ல வச்சுக்கோ தாயி. இப்ப காரை எடு."

அவள் உட்கார்ந்து முடுக்கினாள். சக்கரம் கண்ணாடியில் சுழன்றது, கார் அசையவில்லை. மேலேயிருந்து ஹாரன் நீளமாக அடித்தது. கோபமாக அடிக்கிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. விட்டோ யார் வாசலிலிருந்தோ சாம்பல் வாளியைத் தூக்கிவந்து சக்கரத்தடியில் கொட்டினான். பூனைக்கு வாங்கி வைத்த மணல் மூட்டையை ஓபல் தன் வீட்டிலிருந்து இழுத்துவந்து போட்டாள். கைத்தடியை எறிந்துவிட்டு அவளும் பின்னால் நின்று தள்ளினாள். "ஒண்ணு, ரெண்டு" என்று விட்டோ கத்த, கார் பின்பக்கம் ஆடி, ஒரு குலுக்கில் வெளியே வந்தது. மில்லி அதைப் பக்கத்துத் தெருவில் திருப்பிச் சமதளத்தில் நிறுத்திவிட்டு இறங்கி மூலைக்கு வந்தாள். டெஸ்ஸின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வந்தாள்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. தகடு தெருவைச் சுரண்டுகிற சத்தம் வீடுகளுக்கிடையில் எதிரொலித்தது. பனி ஓரமாகப் புரண்டு விழுந்தது. பாதிச் சரிவுவரை ஒழுங்காகத்தான் வந்தது. அதற்கப்புறம் வேகம் கூடியது. தகட்டைத் தரையோடு அழுத்தினான், தீப்பொறி பறந்தது. வேகம் குறையவில்லை. ஒரு வீட்டு வாசல், இரண்டு வீட்டு வாசல், அவள் கார் நின்ற இடம், சாம்பலும் மணலும் கொட்டிக் கிடந்த அந்த இடத்தின் மேலேயே வண்டி ஏறிச் சென்றது. நாற்சந்தியை முழுதாகக் கடந்து, எதிர்ப்பக்கம் குவித்து வைத்திருந்த பனி மேட்டில் தகட்டைச் செருகி, ஆடி நின்றது.

 நீல விளக்கு மட்டும் எல்லார் முகத்திலும் மாறி மாறி விழுந்தது. விட்டோ தொப்பியைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

மில்லி வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். வண்டியின் உயரமான படியில் ஏறிக் கதவைத் திறந்தாள். டெஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டிக்குள் டீசலும் சிகரெட்டும் கலந்த வாடை.

"பிரேக் புதுசுன்னு சொன்னியே."

"ஒரு பக்கந்தான் மாத்துனாங்க. மறுபக்கத்துக்கு சாமான் வரல. போன வருஷத்துலேருந்து வரல."

"நீ இதுலதான் தெனமும் இறங்கறியா?"

"பனி காஞ்சு கெடந்தா பிடிக்கும். இன்னிக்கு அடியில ஐஸு."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். கேட்க வந்ததைக் கேட்டாள். "லின்ட் காலையில போன் பண்ணினானே. மூணரைக்கு விளக்கை ஏத்தச் சொன்னானா?"

"சொன்னான். பனி கணுக்கால் வந்தா ஏத்துவேன், உங்க கூட்டத்துக்காகல்லாம் ஏத்த மாட்டேன்னேன். அப்ப அந்தக் கதவுக்கு அந்தப்பக்கந்தான் நீ நின்னுருப்பே, கேட்டுருக்குமே."

"அது கேக்கல. ஆனா ஏத்துன. கணுக்கால் வரல டெஸ், நான் பாத்துட்டுத்தான் வரேன். கூட்டம் பூரா எழுந்து ஓடிச்சு. ஓபல் பேசிட்டே இருந்தா."

 அவன் ஸ்டியரிங்கை விட்டான். கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான்.

"பயந்துட்டேன், மில்லி."

அவள் இருபத்தைந்து வருஷத்தில் கேட்டிராத வார்த்தை அது.

"மூணு மணிக்கு குன்று உச்சியில போய் நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் கார். அடியில கண்ணாடி. இன்னும் கணுக்கால் அளவுக்கு விழட்டும்னு காத்திருந்தா ஐஸு மேல ஐஸு ஏறிடும், அப்புறம் இறங்கவே முடியாது. தெரு காலியானா இப்பவே ஒரு தடவை இறங்கிடலாம், போனாலும் நான் மட்டுந்தானே போவேன்னு விளக்கை ஏத்திட்டேன். மணி என்னன்னு பாக்கல. சத்தியமா பாக்கல. ஏத்துனப்புறந்தான் அவன் சொன்ன நேரம்னு தெரிஞ்சுது. அப்புறம் பாத்தா உன் காரு நிக்குது. சரிவு வாயில நேரா நிக்குது. அதுக்குள்ள நீ இருக்கியோன்னு..."

மில்லி அழுதாள். கோபத்தில் அழுகிறாளா வேறெதற்கா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான் விக்கச் சொன்னியா? புது வண்டிக்கு?"

"வேற வழியில பணமில்லைங்கறாங்க."

"எங்கிட்ட சொல்லியிருந்தா?"

"சொன்னா சிவப்பு அட்டையை மாட்டச் சொல்லுவே. மாட்டுனா குன்றுக்கு வண்டி கெடையாது. ஊருக்கே சரிவுக்கு ஏத்த வண்டி இது ஒண்ணுதான்."

சிவப்பு அட்டை என்பது லாரி ஓட்டுகிறவர்களின் கடைசி ஆயுதம். வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று ஓட்டுநர் அதை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டால், பழுது பார்த்தவன் வந்து அவிழ்க்கிறவரை மேயரே வந்தாலும் நகர்த்த முடியாது. டெஸ் காலையில் வண்டியைச் சுற்றிவந்து பார்க்கும் ஒவ்வொரு நாளும் அதைக் கட்டியிருக்க வேண்டும். குன்றை நினைத்துக் கட்டாமல் விட்டான்.

மில்லி முன்னாலிருந்த பெட்டியைத் திறந்தாள். சிகரெட், கையுறை, பழைய டோனட் பை. அடியில் அட்டை கிடந்தது. அதை அவன் மடியில் போட்டாள்.

"கட்டு."

"கட்டினா தெருவை யாரு தள்ளுவா?"

"தள்ளலைன்னா கெடக்கட்டும். நீலுக்குப் போன கால் ஒண்ணே போதும். கட்டறியா, நான் கட்டவா?"

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கம்பியை ஸ்டியரிங்கில் சுற்றி முறுக்கினான். முறுக்கி முடித்ததும் அவன் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். இத்தனை மாதம் அதை அவன் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

ஜன்னல் வழியே நீல ஒளி வந்து போனது. டெஸ் அண்ணாந்து அதைப் பார்த்தான். ஏதோ கணக்குப் போடுகிறவன் முகம் அவனுக்கு வந்தது.

"தெரு சுத்தமாகாம அதை அணைக்கவும் முடியாது, மில்லி."

"ஆமா."

"அது எரியறவரைக்கும் ராம்ப்புல இருக்கற காரை யாரும் எடுக்கச் சொல்ல முடியாது."

"ஆமா, முடியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் அவன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் குன்று மண்வெட்டியைத் தூக்கியது. ஆம்புலன்ஸ் ஏறவும் தபால்காரர் நடக்கவும் ஒரு தடம் வேண்டும் அல்லவா? வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, சுத்தியலால் ஐஸை உடைத்து, சாம்பல் தூவி, ஒற்றைத் தடம் போட்டார்கள். டெஸ்ஸும் அவர்களோடு நின்று வெட்டினான். மில்லி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெரிய பாத்திரத்தில் கோழியையும் மிளகாய்த் தூளையும் போட்டுக் கொதிக்கவைத்து, மாவைக் கிள்ளிப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் ஊற்றினாள். தடம் போட்டாச்சே, தெரு சுத்தம்தானே என்று விட்டோ கேட்டான். மேஸ்திரியின் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை என்று டெஸ் சொன்னான். அவன் கண்தானே விதி.

மில்லி ஓபலிடம் தனியாகப் போய், தான் விற்கலாம் என்று ஓட்டுப் போட இருந்ததைச் சொன்னாள். ஓபல் சூப்பைக் குடித்து முடித்தாள்.

"தெரியும்டி. நீ என் கண்ணைப் பாக்காம உக்காந்திருந்தியே, அப்பவே தெரியும். இப்ப என்ன போடப்போறே?"

"கூடாதுன்னு."

"அப்ப இன்னொரு கிண்ணம் ஊத்து."

கடைவீதியில்தான் அமர்க்களம். வியாழக்கிழமை காலையில் வந்த வக்கீல்களும் வங்கிக்காரர்களும் ராம்பில் ஏறி ஐந்து மாடியும் சுற்றி இறங்கினார்கள். எல்லா மாடியிலும் குன்றின் துருப்பிடித்த கார்கள், பனித் தொப்பியோடு வரிசையாக நின்றன. நீதிமன்றத்துக்கு வக்கீல் தாமதமாக வந்ததால் நீதிபதிக்கு வந்த கோபம் மேயர்வரை போனதாகக் கேள்வி. வழக்கமாக ஒரு நாளில் அணைந்துவிடும் விளக்கு இரண்டாம் நாளும் சுழன்றது. அப்போதுதான் ஊருக்குப் பனி தள்ளும் வண்டியைப் பற்றித் திடீரென்று அக்கறை வந்தது. வேறு வழியில் பணமே இல்லை என்று சொன்ன அதே நகராட்சி, மாவட்டக் கிடங்கில் இரண்டு வண்டிகள் சும்மா நிற்பதாகவும் இரவல் கேட்டிருப்பதாகவும் வானொலியில் சொன்னது.

வெள்ளிக்கிழமை மதியம் காய்ச்சலில் இருந்த உறுப்பினரும் தேறிவிட்டார், மன்றம் மாலையில் கூடுவதாக இருந்தது. மில்லி சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. டெஸ் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்து எடுத்தான், அவளுக்குக் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினான்.

லின்டின் குரல் தேய்ந்திருந்தது. கம்பெனியின் பெரிய ஆட்கள் கட்டடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருக்கிறார்களாம். அவர்கள் காரை விட ராம்பில் இடமில்லாமல் கடைவீதியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு பனிக்கும் இப்படித்தான் ஆகுமா, அப்படியென்றால் தாங்கள் வாங்குவது என்ன என்று கேட்கிறார்களாம்.

"மேஸ்திரி, கையெடுத்துக் கும்பிடறேன். அந்த விளக்கை எப்ப அணைப்பீங்க?"

டெஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பனி மேட்டில் தகடு செருகிய வண்டி அப்படியே நின்றது. அவர்கள் வீட்டு வாசலில், கார் நின்ற இடத்தில், மில்லி போட்டு வைத்த சமையலறை நாற்காலி நீலமும் வெள்ளையுமாக மாறிக்கொண்டிருந்தது. அவன் வெண்ணெய் தடவிய ரொட்டியை வாங்கி ஒரு கடி கடித்தான். 

"பிரேக் வந்ததும்," என்றான்.